மூங்கிலுக்குக் கவ்வாத்து

எங்கள் வீட்டு மூங்கிலைக் கெடுத்தவன் நான். அதைக் காப்பாற்றியவள் என் மனைவி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகிற போக்கில் நியாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கு அந்தப் புத்தி உண்டு.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தொடங்கி, இளவயதிலேயே கங்காணியாகி, கவ்வாத்து மலைக்கும் கொழுந்து மலைக்கும் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றேன். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை இடுப்பளவில் மட்டமாக வெட்டிவிடுவது. வெட்டின அன்று மலையில் வெறும் குச்சிதான் நிற்கும். இரண்டு மூன்று மாதத்தில் அதே குச்சி பச்சைப் பசேலென்று துளிர்த்துவிடும். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், நினைத்ததோடு நிற்காமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

ஓய்வுப் பணமான சேமலாப நிதி கைக்கு வந்ததும் பதுளை டவுனுக்கு வெளியே, பசறைக்குப் போகிற பாதையோரம், சரிவில் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினோம். மேலே பாதை, நடுவில் எங்கள் வீடு, கீழே, டவுனில் துணிக்கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம்காரரின் வீடு. எங்கள் அடுப்படிச் சுவருக்குப் பின்னால் நாலெட்டு வைத்தால் மண் திட்டு செங்குத்தாக இறங்கும். அந்தத் திட்டின் விளிம்பில் ஒரு பெரிய மஞ்சள் மூங்கில் புதர். நாங்கள் வருவதற்கு முன்னாலேயே நின்றது, யார் நட்டார்களோ தெரியாது. அதற்குக் கீழே பத்தடி தள்ளி நானாவின் பின்சுவர்.

மூங்கில் நல்ல அழகு. வெயில் விழுந்தால் கழிகளில் பச்சைக் கோடுகள் தெரியும், யாரோ தூரிகையால் இழுத்துவிட்ட மாதிரி. காற்று அடித்தால் முனகும். ஆனால் அது அடுப்படி ஜன்னலை மறைத்தது, கூரையில் சருகு கொட்டியது, தகரத்தில் உரசி உரசி ஒருநாளும் மனுஷனைத் தூங்கவிடவில்லை. ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மனைவி வேண்டாம் என்றாள். இது தேயிலை இல்லை, இதன் குணம் வேறு என்றாள். உனக்குக் கொழுந்து கிள்ளத்தான் தெரியும், வெட்டுகிற வேலையை என்னிடம் விடு என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டினேன். அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில், முப்பத்துச் சொச்சம் கழிகளையும் இடுப்பளவில், சாய்வாக, ஒரே மட்டமாக வெட்டிச் சாய்த்தேன். கயிறு பிடித்த மாதிரி மட்டம். எங்கள் தோட்டத்துப் பெரிய துரை பார்த்திருந்தால் தோளில் தட்டியிருப்பார். இன்னும் மூன்று மாதத்தில் கைக்கடக்கமாக ஒரு பச்சைப் பந்தல் துளிர்க்கும் என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

தங்கை வீட்டிலிருந்து திரும்பி வந்தவள் பின்கதவைத் திறந்து பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து அந்த மொட்டைக் கழிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"இது செத்துச்சுன்னா மண்ணு நிக்காதுங்க. மண்ணு நிக்கலன்னா என் அடுப்படி நிக்காது."

அவள் தங்கை மீரியபெத்தையில் குடியிருந்தவள். மலை சரிந்து குடியிருப்பையே மண் மூடின காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்ததால் உயிர் தப்பியவள். இப்போது புதுக் குடியிருப்பில் இருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு வரும் ஒவ்வொரு தடவையும் என் மனைவி நேராக அடுப்படிக்குப் பின்னால் போய் அந்தத் திட்டைக் காலால் மிதித்துப் பார்ப்பாள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வெட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் கவ்வாத்து காட்டிய பலன் இதுதான். வெட்டின கழிகளின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் விளக்குமாறு மாதிரிக் குச்சி குச்சியாகக் கிளை வெடித்தது. உள்ளே கை நுழையாத முடிச்சு. பந்தலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கணுவுக்கு மேலே வெட்டியதால் கழியின் துண்டெல்லாம் குவளையாகி மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டது. டெங்குக் கொசு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் மஹத்தயா டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். உள்ளே புழு நெளிந்தது. முப்பது குவளை வைத்து நுளம்பு வளர்க்கிறீர்களா என்று அவர் சிங்களத்தில் கேட்டபோது எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒரு கிழமைக்குள் சரி செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதைவிடப் பெரிய வம்பு மண்ணுக்குள் நடந்தது. மேலே வழி இல்லை என்றதும் மூங்கில் கீழே வழி தேடிக்கொண்டது. அடுத்த மழைக்குப் புதருக்கு வெளியே, சரிவில், நானாவின் வீட்டுப் பக்கமாகக் குருத்துக் குருத்தாக முட்டிக்கொண்டு வந்தது. ஒரு குருத்து அவருடைய பின்சுவரின் அடியில் நுழைந்து, சீமெந்தைப் பிளந்துகொண்டு மறுபக்கம் தலை நீட்டியது.

நானா நல்ல மனுஷன். பெருநாளைக்கு வட்டிலப்பம் கொடுத்து அனுப்புவார், நாங்கள் தீபாவளிக்கு முறுக்கு கொடுப்போம். ஆனால் சுவர் வெடித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? மண் தோண்டுகிற பெக்கோ மிஷினுக்குச் சொல்லிவிட்டேன், புதரை வேரோடு கிளப்பிவிடலாம், செலவு என்னுடையது, நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். வேரோடு கிளப்பினால் திட்டும் கூடவே வரும் என்பதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். ஆனால் சுவர் சுவர்தானே, தன் பிள்ளைகள் படுக்கிற அறையும் அந்தச் சுவரோரம்தான் என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை.

"இந்த ஒரு மழைய மட்டும் குடுங்க நானா," என்றாள் அவள். "உங்க செவுத்துக்குக் கிட்ட ஒரே ஒரு குருத்து ஒரு மொழம் வளந்து நின்னுச்சுன்னா, பெக்கோவ நானே கூட்டிட்டு வாறேன்."

நானா சம்மதித்தார். மூங்கில் செத்தால் அடுப்படி போகும். பரவினால் மிஷின் வரும், அப்போதும் அடுப்படி போகும். சாகவும் கூடாது, பரவவும் கூடாது. அதை எப்படிச் செய்வாய் என்று கேட்டேன். கொழுந்து மலையை நாற்பது வருஷம் எப்படி வைத்திருந்தோமோ அப்படித்தான் என்றாள்.

முதல் வேலையாக என் கவ்வாத்துக் கத்தியைப் பிடுங்கிக் கை எட்டாத அட்டாலியில் தூக்கிப் போட்டாள். என் கையில் ரம்பத்தைக் கொடுத்தாள். நான் விட்டுவைத்த இடுப்பளவுத் துண்டுகளையெல்லாம் மண்ணுக்கு மேலே முதல் கணுவை ஒட்டி, தண்ணீர் தேங்காதபடி தட்டையாக அறுக்கச் சொன்னாள். அந்த முடிச்சுக்குள் கையை விட்டால் சுணை பட்டு உடம்பெல்லாம் அரிக்கும். பத்து நாள் குனிந்து குனிந்து அறுத்தேன். பக்கத்தில் நின்று, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சிங்கம் மாதிரி இருந்த கங்காணியின் கதி இப்படி ஆயிற்று. அறுத்து முடித்ததும் புதருக்கு நடுவில் ஆள் நுழைய ஒரு வழி கிடைத்தது. முதிர்ந்து போன கழியை உள்ளே போய் எடுக்க அந்த வழி வேண்டும் என்றாள்.

இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டேன். படிக்கவில்லை, பார்த்தேன் என்றாள். பின்வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிற நேரத்தில், பூண்டு உரிக்கிற நேரத்தில், வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். கிழட்டுக் கழி நடுவில் நிற்கும், புதுசு எப்போதும் வெளிப்பக்கம்தான் வரும். புதுக் கழியில் மாவு பூசின மாதிரி வெள்ளை இருக்கும், பழையதில் தேமல் மாதிரிப் பாசி பிடிக்கும். வெட்ட வேண்டியது பாசி பிடித்ததை மட்டும். மூங்கிலைக் கட்டுப்படுத்துகிற இடம் மேலே இல்லை, அடியில் குருத்து வருகிற இடத்தில்தான் என்று அவள் சொன்னாள். இத்தனை வருஷக் கவ்வாத்துக்காரன் நான், ஜன்னலை மறைக்கிற மேல்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் அவள் ரவுண்டு தொடங்கினாள். தேயிலைக்கு ஏழு நாளைக்கு ஒரு ரவுண்டு, ஒரு மலையில் கிள்ளினால் ஏழாம் நாள் திரும்ப அங்கே வந்துவிட வேண்டும். மூங்கிலுக்கும் அப்படியே வைத்தாள். ஏழாம் நாள் போய்ப் பார்த்தால் குருத்து இடுப்பளவு நின்றது. நல்லவேளை, அது நானாவின் சுவருக்குத் தூரம். உடனே மூன்று நாள் ரவுண்டாக்கினாள். காலை ஆறு மணிக்கு இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, பழைய கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு பின்வாசலில் நின்று, "பெரட்டு!" என்று ஒரு சத்தம் போடுவாள். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் எல்லோரும் கூடி வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம். பெரட்டில் இருந்தது அவள் ஒருத்திதான். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

பெரட்டு என்ற சொல் எங்கள் வீட்டில் சும்மா வருவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதுதான் ஒரு நாள் சம்பளம். பிந்தி வந்தால் அரைப் பேர். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு காலையில் அவள் பெரட்டுக்குப் பிந்தி வந்தாள். நான்தான் கங்காணி. சொந்தப் பெண்சாதிக்குச் சலுகை கொடுத்தான் என்று யாரும் நாக்கைப் புரட்டிவிடக்கூடாதே என்று, அத்தனை பேருக்கு முன்னால் அவளுக்கு அரைப் பேர் என்று சத்தமாகச் சொன்னேன். காரணம் எதுவும் சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் என் பையைத் திறந்தால், அவள் எனக்குத் தெரியாமல் வைத்த இரண்டு ரொட்டியும் சம்பலும் இருந்தது. அதைச் சுடத்தான் பிந்தியிருக்கிறாள். அன்றைக்கு அந்த ரொட்டியைத் தின்னாமலே மூடி வைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அப்படியே நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

போர்வைக்குள் கிடந்தவன் ஒருநாள் எழுந்து அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு ரவுண்டைக்கூடப் பார்க்காமல் விடவில்லை. அறுபத்தைந்து வயதுக்காரி அந்தச் சரிவில் பக்கவாட்டாகக் காலை ஊன்றி நிற்கிற நிற்பே தனி. குருத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பாள். ஒரு கணம் யோசிப்பாள். சுவர்ப்பக்கம் என்றால் உள்ளங்கையை வைத்து ஒரே தள்ளு, முறுக்கென்று உடைந்து கூடைக்குள் விழும். திட்டின் பக்கம் வந்ததில் நல்ல தடித்ததாக எப்போதாவது ஒன்றைப் பார்த்து, தொடாமல் விட்டுவிடுவாள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது. இலையைப் பார்க்காமலே கொழுந்து கிள்ளின விரல் அல்லவா? அதே விரலுக்குத்தான் நான் ஒருகாலத்தில் வேகம் போதாது என்று சத்தம் போட்டிருக்கிறேன்.

உடைத்த குருத்தையும் வீணாக்கவில்லை. தோலை உரித்து, இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்துக் கசப்பு எடுத்து, தேங்காய்ப் பால் விட்டுப் பிரட்டல் வைத்தாள். நானா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. எதிரியைக் கறி வைத்துத் தின்கிறோம் என்று அவர் சிரித்தாராம். மூங்கிலும் சும்மா சொல்லக்கூடாது, எத்தனை உடைத்தாலும் கோபித்துக்கொள்ளாமல் விட்ட இடத்தில் விட்டது மட்டும் கிடுகிடுவென்று மேலே ஏறியது. கார்த்திகைக்குள் திட்டின் ஓரமாக ஏழு புதுக் கழிகள், வெள்ளை பூசிக்கொண்டு, கூரையைத் தொடாமல் நேராக நின்றன. என் வாழ்நாளில் நான் வெட்டி வளர்த்த எந்த மலையும் இத்தனை லட்சணமாக இருந்ததில்லை. ஆனால் அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்த மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் ஊற்றியும் நின்றபாடில்லை. சரிவில் இருக்கிறவர்கள் எல்லோரும் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி கிராம சேவகர் வீடு வீடாக வந்தார். நானா குடும்பத்தோடு டவுனில் கடைக்கு மேல் மாடிக்குப் போனார். நாங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்தோம். வெலிமடைப் பக்கம் பாதை உடைந்துவிட்டது, பஸ் இல்லை என்று ஆளுக்கொரு செய்தி கொண்டுவந்தார்கள். மண்டபத்தில் கொடுத்த தேத்தண்ணி வெந்நீரில் சாயம் கரைத்த மாதிரி இருந்தது. அவள் அதை வாயில் வைத்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவாள். மூன்றாம் நாள் என்னிடம், இன்றைக்கு ரவுண்டு நாள் என்றாள். போகாதே என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு நாள் ரவுண்டு இல்லை. இந்த ஈரத்தில் நாலு நாளைக்குக் குருத்து எவ்வளவு வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு முழம் என்ன, இரண்டு முழம் வரும். திட்டு நின்றாலும் மூங்கில் நிற்காது, நானாவுக்குக் கொடுத்த வாக்கு அப்படி.

ஐந்தாம் நாள் காலையில் மழை விட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கேட்டைத் திறந்ததும் அவள் வீட்டுக்குள்கூட நுழையவில்லை. "பெரட்டு. வாங்க," என்று சொல்லிவிட்டு நேரே பின்பக்கம் இறங்கினாள். இதோ வருகிறேன் என்றேன். அடுப்படிக்குள் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அப்போதுதான் நாலு நாளாக அவள் ஒழுங்காக ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவில்லையே என்று நினைவு வந்தது. கேத்தலை அடுப்பில் வைத்தேன். இஞ்சி தட்டிப் போட்டு, சாயம் நன்றாக இறங்கும்வரை நின்று, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு இறங்கினேன்.

திட்டைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அடுத்த காணியில் மூங்கிலும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தச் சரிவு பாதிக்கு மேல் வழுக்கி, கோழிக்கூட்டோடு கீழ்ப்பாதையில் கிடந்தது. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. அங்கிருந்து ஒரு வெடிப்பு, கை நுழையும் அகலத்தில், எங்கள் அடுப்படியைப் பார்த்து ஓடி வந்திருந்தது. மூங்கில் தூர்வரைக்கும் வந்து அங்கேயே நின்றிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் புல்கூட விலகவில்லை. நான் அந்த ஏழு கழிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது, அதில் என்ன வெட்கம்?

கீழே நானாவின் சுவரோரம் அவள் நின்றாள். எதிரே நானா, முழங்கால்வரை சேற்றோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு. சுவரோரத்தில் ஒரு குருத்தும் இல்லை. மண்ணோடு மண்ணாக உடைத்த அடிகள் மட்டும் ஈரம் கசிந்துகொண்டிருந்தன. அவர் கையில் கடைப் பை ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது.

"வூட்டப் பாக்க தெனம் வந்தேன் அக்கா," என்றார். "நீங்க ரவுண்டு வரல. அதான் நான் ஒடச்சிட்டேன். பெக்கோக்காரனுக்கு வேணாம்னு சொல்லியாச்சு."

அவள் பையை வாங்கி ஒவ்வொரு குருத்தாக வெளியே எடுத்து, உடைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நல்ல உடைப்புதான் போலிருக்கிறது. "ஒங்களுக்கு முழுப் பேரு நானா," என்றாள். பிறகு தலையைத் திருப்பி, சரிவில் மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த பிளாஸ்க்கையும் பார்த்தாள்.

"நீங்க பிந்திட்டீங்க. அரைப் பேரு."

நானா எதற்கென்று புரியாமல் சிரித்தார். தேத்தண்ணி போடத்தான் பிந்தினேன் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குப் பெரட்டில் அவளும் ரொட்டி சுட்ட கதையைச் சொல்லவில்லையே. பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் தேத்தண்ணியை ஊற்றி, சூடு ஆறுவதற்குள் அவளிடம் நீட்டினேன்.